பொலிஸ் பதிவின் பின்பக்கத்தில் பதினொரு பேய்கள்

உங்களிடம் பத்துப் பேய்கள் இருக்கின்றன, பதினோராவதைச் சேர்க்க இருப்பதில் ஒன்றைத் துரத்தியாக வேண்டும் என்றால், நீங்கள் எதைத் துரத்துவீர்கள்?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். இந்தக் கேள்விக்காக நானும் மாமாவும் மூன்று நாள் கதைக்காமல் இருந்திருக்கிறோம். எனக்கு அப்போது ஒன்பது வயது, அவருக்கு இருபத்து மூன்று. யார் முதலில் இறங்கி வந்தது என்றால், அவர்தான். நான் அந்த வயதிலேயே அப்படி.

மாமா என்பது அம்மாவின் தம்பி. நாட்டில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து இரத்மலானை விமான நிலையத்தில் வந்து இறங்கி, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே போவதென்றால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, பக்கத்தில் அப்பா, மூன்றும் வேண்டும். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பார். ஆகவே மாமா கிழமையில் ஆறு நாள் வீட்டுக்குள். அந்த ஆறு நாளும் என்னுடைய கொம்பியூட்டர் அவருடையது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் அந்த ஆறு நாளும் மாமா என்னுடையவர்.

விளையாட்டின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. சிடியில் யாரோ மார்க்கரால் கிறுக்கிய எழுத்து, பாதி அழிந்திருந்தது. தொடக்கத்தில் ஓர் ஆளைத் தெரிவு செய்ய வேண்டும். எனக்கு வாள்காரன் வேண்டும். மாமா விடவில்லை. அவருக்கு அழைப்பாளன்தான் வேண்டும். அழைப்பாளன் சண்டை பிடிக்க மாட்டான், மந்திரம் சொல்லிப் பேய்களைக் கூப்பிடுவான், அவை வந்து சண்டை பிடிக்கும்.

"நீ ஏன் போய் அடி வாங்க வேணும்? அதுகளை விட்டுப்போட்டு நீ பின்னாலை நில்," என்றார் மாமா.

"அது கள்ள விளையாட்டு."

"கள்ளமோ நல்லமோ, ஆள் உயிரோடை வீட்டை வந்தாச் சரி."

மந்திரங்களை அந்த உலகம் முழுக்க ஒளித்து வைத்திருந்தார்கள். அழைப்பாளனின் புத்தகத்தில் பதினொரு பெயர்கள் சாம்பல் நிறத்தில் தெரியும். தேடிக் கண்டுபிடித்தால் அந்தப் பெயருக்கு நிறம் வரும். ஆனால் புத்தகத்தில் பத்துப் பக்கம்தான். பதினோராவது கிடைத்தால் இருப்பதில் ஒரு பக்கத்தைக் கிழிக்க வேண்டும்.

நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். பேயின் பெயர், மந்திரம் கிடைத்த இடம், அழைத்தால் எவ்வளவு நேரம் நிற்கும், எல்லாம் இங்கிலீசில், சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு. எலும்புக் காவலன், வடக்குக் கோபுரம், இருட்டில் மட்டும். நெருப்பு ராட்சசன், பாலத்துக்குக் கீழே, அறுபது செக்கன். கல் மனிதன், தண்ணீர்த் தாங்கி, இரண்டு பேர் தேவை. இப்படிப் பத்து. பதினோராவது நிழலாள். அதற்கு நேரே மூன்று கேள்விக்குறிகள்.

எங்கள் வீட்டில் ஒருபக்கம் வெறுமையான காகிதத்தை எறிவதில்லை. அப்பா கடையிலிருந்து கட்டாகக் கொண்டுவந்து ரெலிபோனுக்குப் பக்கத்தில் அடுக்குவார், அதுதான் எனக்குப் படம் கீற. அதே இடத்தில்தான் பொலிஸ் பதிவின் போட்டோக் கொப்பிகளும் இருக்கும். வீட்டில் யார் யார், எங்கிருந்து வந்தவர்கள், எதற்கு, எவ்வளவு நாளைக்கு என்று எழுதி முத்திரை குத்திய படிவம். சோதனைக்கு வருகிறவர்கள் ஒவ்வொன்று கொண்டுபோவதால் அப்பா பத்து பதினைந்தாக அடித்து வைத்திருந்தார். எனக்கு இரண்டும் காகிதம். கைக்கு வந்ததை எடுத்து எழுதினேன்.

நிழலாளைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அது உங்களைப் போலவே இருக்கும். சண்டை பிடிக்காது. நீங்கள் நின்ற இடத்தில் நின்று அடி வாங்கும், நீங்கள் போய்விடலாம். மாமா அந்த ஒரு வரியில் விழுந்துவிட்டார். அதற்காக நெருப்பு ராட்சசனையே கிழிப்பாராம். மூன்று நாள் கோபம் அதனால்தான். நாலாம் நாள் ஓர் உடன்பாடு: முதலில் நிழலாளைக் கண்டுபிடிப்பது, கிழிப்பதைப் பிறகு பார்ப்பது. ஆனால் எங்கே தேடியும் அது கிடைக்கவில்லை. காலி வீதியில் இருந்த நெட் கஃபேயில் தேடினால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்று சனிக்கிழமை காலை. அம்மா மீன் வாங்கப் போயிருந்தா. நான் கேட்டேன். மாமா மாட்டேன் என்றார். திரும்பக் கேட்டேன். கொப்பா வரட்டும், நாளைக்குப் பார்ப்பம் என்றார்.

"பயமா மாமா?" என்றேன்.

அவர் எழும்பிச் சட்டையை மாட்டினார். பட்டியலை எடுத்தவர், திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இது நல்லாயிருக்கு. முன்பக்கம் பொலிஸ் பதிவு, பின்பக்கம் பேய்ப் பதிவு. இதுவே காணும். கொம்மா கேட்டா மாமா குளிக்கிறார் எண்டு சொல்லு. பத்து நிமிசம்."

இருபது நிமிடம் போனது. நாற்பது போனது. படிக்கட்டில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் குளியலறைக்குள் ஓடி, சவரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். மாமா சொல்லித் தந்த பொய்யை மேம்படுத்தியது நான்தான்.

அம்மா குசினியில் மீன் வெட்டத் தொடங்கினா. "தம்பி, காணும் வா, டாங்கித் தண்ணி முடியப் போகுது," என்று ஒருமுறை. "உவன் என்ன கலியாண மாப்பிள்ளை மாதிரிக் குளிக்கிறான்?" என்று இன்னொருமுறை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பாளன் சும்மா நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்றுக்கு முட்டியது. போக முடியாது, குளியலறைக்குள் என்னுடைய பொய் இருந்தது. உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால், நான்தான் அனுப்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். அப்படி ஐந்து ஐந்தாக ஒரு மணித்தியாலம்.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஓர் இன்ஸ்பெக்டர், ஒரு கொன்ஸ்டபிள், நடுவில் மாமா. அவருடைய கைகள் பின்னால் இருந்தன, விலங்கு போட்டிருந்தார்கள். அம்மா மீன் செதிலோடு நின்று மாமாவைப் பார்த்தா, பிறகு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த குளியலறைக் கதவைப் பார்த்தா. கொன்ஸ்டபிளும் பார்த்தான். உள்ளே யார் என்று சிங்களத்தில் கேட்டான். தோளிலிருந்த துவக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காலால் கதவைத் தள்ளினான். உள்ளே ஒரு வாளியும் சவரும். அவன் பைப்பைப் பூட்டினான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என் பட்டியலை நீட்டினார். "மேக்க மொகக்த?" இது என்ன என்கிறார். மாமாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அம்மாவின் சிங்களம் மீன் விலை கேட்க மட்டும் காணும். வீட்டில் ஒழுங்காகச் சிங்களம் கதைக்கும் ஆள் நான்தான், பள்ளிக்கூடத்திலும் தொலைக்காட்சி கார்ட்டூனிலும் பொறுக்கியது. கேம் சேர், பேய்கள் சேர் என்றேன்.

யார் எழுதியது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாமா இங்கிலீசில், "நான்தான் எழுதினது, சேர்," என்றார். பொலிஸிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் போல.

எனக்கு வந்ததே கோபம். என்னுடைய எழுத்து, என்னுடைய அடிக்கோடு. "இல்லை சேர், நான் எழுதினது," என்றேன் சிங்களத்தில். அம்மாவின் ஈரக் கை என் தோளைக் கிள்ளியது.

"வாயை மூடு பிள்ளை," என்றார் மாமா. அவர் என்னோடு அப்படிக் கதைத்ததே இல்லை.

இன்ஸ்பெக்டர் என்னையும் காகிதத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அப்பாவின் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இதிலுள்ள ஒவ்வொன்றையும் காட்டு, எல்லாவற்றையும் காட்டினால் சரி, ஒன்று குறைந்தாலும் உன் மாமாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவேன் என்றார். இதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். கடைசிப் பகுதியை விட்டுவிட்டேன்.

எலும்புக் காவலனை அழைத்தேன். வடக்குக் கோபுரம் சேர், இருட்டில் மட்டும் சேர். அவர் தன் பேனாவால் ஒரு சரி போட்டார். ஒரு பேயை அழைத்தால் அழைப்பாளனின் சக்தி முடிந்துவிடும், திரும்ப நிரம்ப மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று பொலிஸோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ரயில் போய் யன்னல் அதிர்ந்தது. அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தா, யாரும் தொடவில்லை. நீலக் கோடு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பனி ஓநாய். சரி. மூன்று நிமிடம். நெருப்பு ராட்சசன் பாலத்துக்குக் கீழிருந்து எழும்பியபோது கொன்ஸ்டபிள், "அம்மோ," என்றான். இன்ஸ்பெக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

கல் மனிதனுக்கு இரண்டு பேர் தேவை என்று எழுதியிருந்தேன் அல்லவா? இன்ஸ்பெக்டரின் பேனா அந்த இடத்தில் நின்றது. யார் அந்த இரண்டாவது ஆள்? விஷயம் ஒன்றுமில்லை, என் கை சின்னது. நான் இரண்டு கையாலும் இரண்டு விசைகளை அமத்திப் பிடிக்க வேண்டும், மாமா மௌஸைச் சொடுக்குவார்.

"மாமா, வாங்கோ," என்றேன். வரவில்லை. "கெதியா வாங்கோ மாமா, சொடுக்குங்கோ."

"ஏலாதடி," என்றார் மெதுவாக.

கொன்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான், அவர் தலையாட்டினார். அவன் ஒரு கையால் மாமாவின் புயத்தைப் பிடித்தபடி குனிந்து, மறு கையின் ஒரு விரலால் மௌஸைத் தட்டினான். கல் மனிதன் எழும்பினான். சரி.

பத்தும் முடிய ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம். பதினோராவது பெயரில் பேனா வந்து தட்டியது. அது இன்னும் கிடைக்கவில்லை சேர், அதைத் தேடத்தான் மாமா போனவர் சேர் என்றேன். என் சிங்களம் அந்த இடத்தில் நடுங்கத் தொடங்கியது.

இன்ஸ்பெக்டர் கோப்பிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். நெட் கஃபேயில் மாமா அச்செடுத்தவை. வெளியே வரும்போதே பிடித்திருக்கிறார்கள். வாசி என்று தந்தார். எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல ஆடியது. அவர் அதைக் கொன்ஸ்டபிளிடம் கொடுத்தார். அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டி இங்கிலீசில் வாசித்தான். ஆலைக்குப் பின்னால் போ. நான் போனேன். மூன்று கல் எண்ணு. எண்ணினேன். மூன்றாவதைத் தள்ளு. தள்ளினேன், ஒரு பாம்பு வந்து கொத்தியது. அழைப்பாளனின் உயிர் பாதி போய்விட்டது. "பின்னாலை எடு, பின்னாலை எடு," என்று மாமா நின்ற இடத்திலிருந்து சொன்னார். எடுத்தேன். கல்லுக்குக் கீழே மந்திரம் மினுங்கியது.

திரையில் கேள்வி வந்தது. புத்தகம் நிறைந்துவிட்டது, எந்தப் பக்கத்தைக் கிழிப்பது?

இன்ஸ்பெக்டர் என்ன கேட்கிறது என்றார். ஒன்றை அனுப்ப வேண்டும் சேர் என்றேன். அப்படியென்றால் அனுப்பு என்றார். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உனக்கு விருப்பமானதை வைச்சிரு பிள்ளை," என்றார்.

நான் நெருப்பு ராட்சசனைக் கிழித்தேன். நிழலாளை அழைத்தேன். அழைப்பாளனுக்குப் பக்கத்தில் இன்னோர் அழைப்பாளன், அதே மேலங்கி, அதே முகம். இன்ஸ்பெக்டர் திரைக்குக் கிட்டக் குனிந்து, உண்மையான ஆள் எது என்று கேட்டார். இடப்பக்கத்து ஆளைத் தொட்டுக் காட்டினேன். கேள்விக்குறிகளுக்கு மேலே சரி போட்டார்.

விலங்கைக் கழற்றினார்கள். பின்னேரம் அப்பாவோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இன்ஸ்பெக்டர் பட்டியலை மடித்துக் கோப்பில் வைத்தார். அதை எனக்குத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டா. அவர் படியிறங்கினார். கொன்ஸ்டபிள் மட்டும் கடைசிப் படியிலிருந்து திரும்பி, "நங்கி, அந்தச் சிடி எந்தக் கடை?" என்று தங்கச்சி முறை வைத்து மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனான்.

யாரும் என்னை அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. பதினொரு சரி வாங்கிய பிள்ளைக்கு ஏச்சு எதற்கு என்று நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். மாமா அதற்குப் பிறகு கொம்பியூட்டர்ப் பக்கம் வரவில்லை. ஒன்பதாம் நாள் விடிய ஓர் ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டுவிட்டார். விசா வந்துவிட்டது என்று நினைத்தேன். விளையாட்டின் கடைசிக் கோட்டையை முடிக்காமல் போகிறார் என்ற ஆத்திரத்தில் அறையைவிட்டு வெளியே வரவே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "மருமோள், போட்டு வாறன்," என்றார். நான் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

விசா வரவில்லை என்பதோ, அந்த ஏஜென்சிக்காரனின் வழியால் அவர் கனடா போய்ச்சேர இரண்டரை வருடமும் மூன்று நாட்டுச் சிறைகளும் ஆகும் என்பதோ எனக்குத் தெரியாது. என் பட்டியலைத் தன்னுடையது என்று அவர் சொன்னது பெருமைக்காக என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்கிறேன். இத்தனை வருடம் கழித்து வருகிற மாமாவின் விமானம் ஐம்பது நிமிடம் தாமதம்.