அப்புறம் அண்ணன் சொன்ன ஒரே ‘வேணாம்’

எங்கள் இணைய ஒலி நிகழ்ச்சியில் பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பேசுவார், மற்றவர் "அப்புறம்?" என்பார். பேசுகிறவருக்குப் பட்டப்பெயர் பீரங்கி. கேட்கிறவரை எல்லோரும் அப்புறம் அண்ணன் என்றே கூப்பிடுவோம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்கிறவன். பதிவானதை வெட்டி ஒட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்து, வெள்ளிக்கிழமை காலையில் வெளியிடுவது என் பொறுப்பு. வெளியே எல்லோருக்கும் பீரங்கியைத்தான் தெரியும். அதில் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். அண்ணன் சரியான நொடியில் அந்த ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுக்காவிட்டால் பீரங்கி வெறும் வாய்.

இருவரும் முன்பு ஒரே தியேட்டரில் வேலை பார்த்தவர்கள். அண்ணன் டிக்கெட் கவுண்டரில், பீரங்கி வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர். வரிசையில் நிற்பவர்களிடம் உள்ளே ஓடும் படத்தின் கதையைச் சொந்தச் சரக்கு சேர்த்து பீரங்கி அளந்துவிடுவார். கவுண்டர் ஓட்டைக்குள்ளிருந்து "அப்புறம்?" என்று குரல் வரும். வரிசையிலேயே வயிறு வலிக்கச் சிரித்துவிட்டோம், இனிப் படம் எதற்கு என்று நாலைந்து பேர் வீட்டுக்குத் திரும்பிப் போன அன்று, முதலாளி இருவரையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒரே சட்டம். பேச்சை மறிக்கக் கூடாது. எதிராளி எவ்வளவு கிறுக்குத்தனமாகச் சொன்னாலும் இல்லை, முடியாது, வேண்டாம் என்ற மூன்றும் வாயில் வரக் கூடாது. வந்தால் அடுத்த வரி செத்துவிடும். இருபது வருடம் இதையே செய்ததில் அண்ணனுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. அண்ணனிடம் இப்போது மூன்று பாலிசி இருக்கிறது. நாங்கள் அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நிகழ்ச்சியில் முதலில் ஒரு படத்தைப் பிரித்து மேய்வார்கள். பிறகு யாரோ ஒரு நட்சத்திரத்தைச் சந்தித்த கதை. கடைசியில் அந்த வாரத்துப் புதுத் தொழில். ஒரு வாரம் கதையும் தொழிலும் ஒன்றாகிவிட்டன.

"முடிவெட்டற கடையில பக்கத்து சேர்ல பெரிய ஹீரோ உக்காந்திருக்காரு," என்றார் பீரங்கி.

"அப்புறம்?"

"கண்ணாடிய கழட்டி, கொஞ்சம் வச்சிருங்கன்னு என் கையில குடுத்தாரு. வீட்டுல சொன்னா ஒருத்தரும் நம்பல. அதனால புதுசா ஒரு தொழில் ஆரம்பிக்கப் போறேன். வாடகைக்கு சாட்சி! நீங்க எந்த ஸ்டார பாத்தாலும் சரி, நம்ம ஆளு வந்து 'ஆமா, நானும் பாத்தேன்'னு சொல்லுவான்."

"அப்புறம்?"

"அழுதுக்கிட்டே சொல்லணும்னா அதுக்குத் தனி ஆளு."

கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனின் தங்கை புருஷன் ஒருவரைத் தவிர. அவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். பதினாலு வருட வேலை. அதை நம்பித்தான் அந்த வீட்டில் நாலு பேர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். விசிட்டிங் கார்டு அச்சாகிவிட்டது: ‘நீங்கள் பார்த்ததை நாங்களும் பார்த்தோம்.’ வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். தடுக்க வேண்டும் என்று அண்ணன் வாயைத் திறந்தார். வந்தது "அப்புறம்?" தான். மனிதர் உற்சாகமாகி யூனிஃபார்ம் என்ன நிறம் என்பதுவரை போய்விட்டார்.

அன்று மாலை தங்கை போன் செய்தாள். "ஏண்ணே, நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான் சொன்னா எரிஞ்சு விழறாரு. உன் நிகழ்ச்சியில சொல்றதுதான் அவருக்கு வேதம்."

சரி, அங்கேயே சொல்லிவிடுவோம் என்று அண்ணன் முடிவு செய்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

புதன்கிழமை பதிவு. சாட்சித் தொழிலுக்கு அடுத்த கிளை திறப்பது பற்றி பீரங்கி அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். வழக்கமான இடத்தில் "அப்புறம்?" வரவில்லை. ஏழு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு அண்ணன் பேசினார்.

"வேணாம். அந்தத் தொழில் வேணாம். யாரும் செஞ்சிடாதீங்க. நல்ல வேலையில இருக்கறவங்க தயவுசெஞ்சு வேலைய விட்டுடாதீங்க."

பீரங்கி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இருபது வருடத்தில் இப்படி ஒரு திருப்பமா என்று அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

பதிவு முடிந்ததும் அண்ணன் என் அறைக்கு வந்து நின்றார்.

"தம்பி, அந்த எடத்த அப்படியே விட்டுடறியா?"

"நீங்க கவலப்படாதீங்கண்ணே, வெடிக்க வச்சிடறேன். நடுவுல இருக்கற அந்த ஏழு நொடி கேப்ப மொதல்ல தூக்கிடுவேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. "அப்புறம்?" என்றார்.

சிரிப்பை எங்கெங்கே போடுவேன் என்று நான் விலாவாரியாக விளக்கினேன். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நொடிக்கு மேல் மௌனம் இருந்தால் வெட்டு, இது என் தொழில் புத்தி. ஏழு நொடியையும் வெட்டினேன். ‘தயவுசெஞ்சு’ என்ற இடத்தில் குரல் உடைந்திருந்தது. அதன் மேல் பெரிய சிரிப்பு ஒன்றைப் போட்டு மூடினேன். நன்றாக வந்திருக்கிறது என்று பெருமை வேறு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டுடியோவில் அண்ணனின் போன் அடித்தது. தங்கை புருஷன்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், 'வேலைய விட்டுடாதீங்க'ன்னீங்களே! ஒர்க்‌ஷாப்புல அத்தன பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிச்ச கையோட லெட்டர குடுத்துட்டேன்."

அண்ணன் போனை வைத்தார். அப்போதுதான் பீரங்கியிடமும் என்னிடமும் எல்லாவற்றையும் சொன்னார்.

மறுநாள் தங்கை ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். பீரங்கியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடிதத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம், திங்கட்கிழமை வேறு ஆள் வருகிறானாம். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னேம்மா. சத்தியமா வேணாம்னுதான் சொன்னேன்."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஆமாம், அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று சாட்சி சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். எழுந்து போய்ச் சொல்லக் கால் வரவில்லை. வெட்டியது நான்தானே.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள்.