கோட்டை வாசலில் சொன்ன பெயர்

ஜெர்மனியின் எசன் நகரத்தில் எல்லாம் இருக்கிறது, கடல் மட்டும் இல்லை. அதை ஏதோ நான்தான் அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருப்பது போல என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். மன்னாரில் கடற்தொழில் செய்த மனிதர். ஒரு நாள் ஆறுதலாக இருக்கட்டும் என்று ரூர் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாய்க்கால் நல்லாயிருக்கு, வா போவம்" என்றார்.

வந்த புதிதில் ஊர் எல்லையைத் தாண்டிப் போகக்கூடாது என்று எங்கள் அகதிக் கடுதாசியில் போட்டிருந்தது. அது தீர்ந்தபோது வேலை வந்தது. இவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினார், நான் வயோதிபர் இல்லத்தில் தரை துடைத்தேன். இவருக்கு லீவு கிடைத்தால் எனக்குக் கிடைக்காது. எனக்குக் கிடைத்தால் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது கண் டொக்டர் ஒரு செய்தி சொன்னார். இவருடைய கண்களுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, ஒரு கண் மங்கினது மங்கினதுதான், திரும்பாது, மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றுவோம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்:

"கண் தெரியேக்கையே ஒருக்கால் கடலைப் பாக்கவேணும்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் நான். அன்றைக்கு மட்டும் தேத்தண்ணி போட எழும்பிப் போனேன்.

ஊரில் சமாதானம் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஆட்களின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கோடை விடுமுறைக்கு, பால்டிக் கடலோரம் மதில் சூழ்ந்த ஒரு பழைய கோட்டை நகரத்துக்குப் போய்வர, எங்கள் மாதா கோயில் ஆட்கள் பஸ் பிடித்தார்கள். ஓடிப்போய் முதலில் சொன்னது நான்தான்.

"எங்கடை ரெண்டு பேரையும் போடுங்கோ. நானும் இவரும்."

ஒழுங்கு செய்த தம்பி பேனையைத் தூக்கிக்கொண்டு, "'இவர்' எண்டு பாஸ்போட்டிலை இருக்கோ அக்கா?" என்று கேட்டான்.

"இருக்கிறதை அவரிட்டைக் கேட்டு எழுது."

என் புருசனுடைய பெயரை நான் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் கட்டிய மனுசி சொல்லமாட்டாள், அவ்வளவுதான். கோயிலில் மோதிரம் மாற்றிய அன்றைக்குச் சொன்னதோடு சரி, அதுவும் சுவாமியார் சொல்லச் சொல்ல. ஜெர்மனிக்கு வந்தும் மாறவில்லை. இவரை டொக்டரிடம் கூட்டிப்போனால் வரவேற்பில் இருக்கிற பெண் இவர் பெயரைக் கேட்பாள். நான் காப்புறுதி கார்டை நீட்டுவேன். பாவம், செவிடு என்று நினைத்து என்னிடம் சத்தம் போட்டுக் கதைப்பாள்.

இந்த வழக்கத்தால் ஒரு முறை நன்றாகத் தடுமாறினேன். மன்னாரில் எங்களுக்கும் ஒரு கோட்டை இருக்கிறது, கடலைப் பார்த்தபடி. நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது அங்கே கல்லும் வௌவாலும்தான். பிறகு ஆமி வந்து முகாம் போட்டது. மீன் விற்கப் போன இவரை ஒரு நாள் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நானும் மாமியும் வாசலில் போய் நின்றோம். காவலுக்கு நின்றவன் என்னைப் பார்த்து, புருசன் பெயர் என்ன என்று கேட்டான். எனக்கு நாக்கு எழும்பவில்லை. மாமிதான் தன் மகனுடைய பெயரை மதில் கேட்கக் கத்திச் சொன்னார்.

இவர் வெளியே வந்தார். உள்ளே நடந்ததைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. வெளியே நடந்ததைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "என்னைத் தேடி வந்தவ என்ரை பேரையே சொல்லேல்லை!" ஆனால் அதற்குப் பிறகு சீருடைக்காரன் நிற்கும் வாசல் எதையும் தாண்டமாட்டார். எசனில் காவலாளி நிற்கிற கடைக்கு நான் மட்டும் போய்த் தேங்காய்ப்பால் டின் வாங்கி வருவேன். இவர் தெருவில் புறாவோடு நிற்பார்.

பயண நாள் விடியப் புறப்பட்டோம், மகளும் கூட வந்தாள். சாரதி ஜெர்மன்காரர். பஸ்ஸுக்குள் சாப்பிடக்கூடாது என்று முதலே சொல்லிவிட்டார். செபமாலை சொல்லி முடித்தோம், பைலா பாடினோம், பிறகு யாரோ உறைப்பாய்ப் பொரித்த மீன் ரோல்ஸ் பெட்டியின் மூடியைச் சும்மா திறந்து பார்த்தார்கள். வாசம் முன்பக்கம் போயிருக்கவேண்டும். அடுத்த தரிப்பிடத்தில் சாரதி வந்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்று கொடுத்தோம். கண்ணால் தண்ணீர் ஓடியது, மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். அதற்குப் பிறகு சட்டம் ஒன்றும் இல்லை. அந்த மனிதருக்கு நல்ல சுகம் கிடைக்கட்டும்.

மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டோம். செங்கல்லால் கட்டிய உயர்ந்த மதில், அதன் நடுவில் கூர்க்கூரை வைத்த வாசல், பின்னால் ஒரு கோட்டைக் கோபுரம். பஸ் வெளியே நின்றுவிட்டது. நகரத்துக்கு ஊடாக நடந்து போனால் மற்றப் பக்கம் கடல் என்றார்கள். காற்றிலேயே கடல் இருந்தது. இவர் மூக்கை விரித்துக்கொண்டு இறங்கினார்.

வாசலில் ஒருவன் நின்றான். தலையில் இரும்புத் தொப்பி, நெஞ்சில் தகடு, கையில் ஆளைவிட உயரமான ஈட்டி, கழுத்துவரை செந்தாடி. வருகிறவர்களை ஈட்டியைக் குறுக்கே போட்டு மறித்து ஏதோ கத்தினான்.

எங்கள் ஆட்கள் செய்ததைப் பார்க்கவேண்டுமே! ஊரில் சோதனைச்சாவடியில் நின்ற பழக்கம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் வரிசையாகிவிட்டார்கள். அடையாள அட்டைகள் கைக்கு வந்தன. முன்னால் நின்ற அக்கா கைப்பையை விரித்து, செபமாலை, மூக்குக்கண்ணாடி, தலையிடி எண்ணெய், டிசுக் கடுதாசியில் சுற்றிய ரோல்ஸ் எல்லாவற்றையும் அவனுக்குக் காட்டினார். நானும் என் பையைத் திறந்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்கென்றால் அப்படி ஓர் ஒழுங்கு. அவன் ஈட்டியைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

பின்னால் வந்த என் மகள் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ அம்மா! இண்டைக்கு இஞ்சை திருவிழாவாம். அவர் பழைய காலத்துக் காவல்காரன் மாதிரி வேசம் போட்டு நிக்கிறார். பையை மூடுங்கோ!"

வரிசை முழுவதும் அட்டைகளைத் திரும்பப் பைக்குள் செருகியது. பிறகு அந்த அக்கா, "அப்ப நான் ரோல்ஸைக் காட்டினது வீணோ?" என்று கேட்டார். சிரித்தோம், சிரித்தோம், மதிலில் சாய்ந்து சிரித்தோம். அக்கா அந்த ரோல்ஸைக் காவல்காரன் கையிலேயே கொடுத்தார்.

திரும்பிப் பார்த்தேன். இவரைக் காணவில்லை.

பஸ் படியில் போய் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் முழங்காலுக்கு நடுவில்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

"இஞ்சாருங்கோ, அது வேசக்காரன்."

"தெரியும். மகள் சொன்னது கேட்டது."

"பிறகென்ன?"

"தெரியுதப்பா. கால் வருகுதில்லை."

வேறு வழி இருக்கிறதா என்று மகள் விசாரித்து வந்தாள். மற்ற வாசல்களிலும் இன்றைக்கு இப்படித்தானாம். கடல் அந்தப் பக்கம் நின்று மணந்துகொண்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்து, மங்கிக்கொண்டு போகிற கண்ணோடு, பஸ்ஸின் ரயரைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறாரா? எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குக் குறும்பாகத்தான் வெளியே போகும்.

"பிள்ளை, அந்தாளிட்டைக் கேள், தொப்பியையும் ஈட்டியையும் ஒருக்கால் தருவாரோ எண்டு."

"அம்மா, வெக்கமாயிருக்கு."

"உனக்கு வெக்கம், எனக்கு விசரும் பைத்தியமும். கேள்."

மகள் என்ன சொன்னாளோ தெரியாது. கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். செந்தாடிக்காரன் ரோல்ஸை விழுங்கிவிட்டு, பஸ் பக்கம் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றித் தன் சட்டையால் உட்பக்கத்தைத் துடைத்து, என் தலையில் மெதுவாக வைத்தான். அந்தத் துடைப்பை நான் மறக்கமாட்டேன். தொப்பிக்குள் பியர் மணத்தது, அது பரவாயில்லை. ஈட்டியை வாங்கித் தொட்டுப் பார்த்தேன். நுனி ரப்பர்.

சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வாசலின் நடுவில் நின்றேன்.

"டேய் கிழவா! எங்கை போறாய்? இஞ்சாலை வா!"

புருசனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது. இவர் தலையை நிமிர்த்தினார்.

"விசர் மனுசி. சனம் பாக்குது."

"பாக்கட்டும்! காவலுக்கு நிக்கிறவளோடை வாய் காட்டாதை! கடலுக்குப் போறதெண்டால் இதாலைதான் போகவேணும்."

இவர் எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். எங்களுக்கு நடுவில் கொஞ்ச வெளிதான். பிறகு, எப்படியாவது தப்பவேண்டும் என்று, என்னால் ஏலாத ஒன்றைக் கேட்டார்.

"என்ரை பேரைச் சொல்லும். சொன்னால் வாறன்."

எங்கள் ஆட்கள் எல்லோரும் "ஓ!" என்றார்கள். அவர்களுக்குத் தெரியும். மகள் என்னைப் பார்த்தாள். தொப்பிக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. மாமி மோட்சத்தில், இனி எனக்காகச் சொல்ல ஆள் இல்லை.

சொன்னேன். மதில் கேட்கச் சொன்னேன். பெயரை இங்கே எழுதமாட்டேன், அன்றைக்குச் சொன்னதே போதும்.

செந்தாடிக்காரனுக்கு விளங்கியதோ என்னவோ, என் பக்கத்தில் வந்து நின்று, அந்தப் பெயரைத் தன் ஜெர்மன் நாக்கால் பிசைந்து, அரசனை அழைப்பது போல இன்னொரு தரம் கூவினான். கூவிவிட்டு வெறுங்கையோடு வழியை விட்டு விலகி, குனிந்து நின்றான்.

இவர் நடந்தார். முதலில் மெதுவாக, பிறகு படபடவென்று. என் அருகில் வந்ததும் ஈட்டியின் நுனியை விரலால் அமர்த்திப் பார்த்தார்.

"ரப்பர்" என்றார்.

"ஓம், ரப்பர்."

உள்ளே போய்விட்டார். நான் தொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த மனிதனுடைய கையைப் பிடித்து, தெரிந்த ஜெர்மனில் "டாங்க, டாங்க" என்று நன்றி சொன்னேன்.

கல் பதித்த சின்னத் தெருக்கள், வண்ணம் பூசிய வீடுகள், மேளக்காரர்கள். இவர் ஒன்றையும் பார்க்கவில்லை. மீன் மணத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார், நாங்கள் பின்னால் ஓடினோம். கடைசிச் சந்து திரும்பியதும் கடல். சாம்பலும் நீலமுமாக, அலையே இல்லாமல், கழுவிக் காயவைத்தது போலக் கிடந்தது. வள்ளங்கள் கட்டியிருந்தன. இவர் படியில் குந்தி, கையால் தண்ணீரை அள்ளி, நெற்றியில் வைத்து, பிறகு நாக்கில் வைத்தார்.

"உப்புக் காணாது."

"சொதிக் கறியெண்டு நினைச்சீங்களோ?"

சிரித்தார். நல்ல கண்ணால் நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை மூடிக்கொண்டு மங்கின கண்ணாலும் பார்த்தார். "இதாலையும் தெரியுது" என்றார். அந்தப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வள்ளத்தில் விற்ற பொரித்த மீனை இரண்டாய் வெட்டின பாணுக்குள் வைத்துச் சாப்பிட்டேன். மிளகாய் இல்லை. இருந்தாலும் அவ்வளவு ருசியாக நான் ஒன்றும் சாப்பிட்டதில்லை.

திரும்பும்போது செந்தாடிக்காரன் தொப்பி இல்லாமல் மதிலடியில் பியரோடு இருந்தான். இவரைக் கண்டதும் கோப்பையைத் தூக்கி அந்தப் பெயரைக் கூப்பிட்டான், பாதி பிழையாக. இவர் நின்று தலையாட்டிவிட்டு வாசலைக் கடந்தார். அவனுக்கு இவர் பெயர் தெரியும், அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது. எசன் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தும்போது, "செந்தாடிக்காரனுக்கு" என்று சொல்லிக் கொளுத்துகிறேன். ஆண்டவருக்கு ஆளைத் தெரிந்திருக்கும்.

பஸ்ஸில் எல்லோரும் நித்திரை. இவர் என் காதுக்குள், "இன்னொருக்கால் சொல்லும் பாப்பம்" என்றார்.

"என்னத்தை?"

"பேரை."

"அடுத்த கோட்டை வரட்டும்" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன்.