மச்சான் சுட்ட ஓட்ஸ்

என் அக்கா ராத்தாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய், இருப்பது எங்கள் வீட்டில் நான்கு பேருக்குத்தான் தெரியும். நான்காவது ஆள் நான். ஒன்பது வயதில் அப்படியொரு இரகசியத்தை வயிற்றுக்குள் வைத்திருப்பது லேசான வேலை இல்லை. ராத்தாவின் கலியாணம் முடிந்து மச்சான் எங்கள் வீட்டோடு குடிவந்த அன்றே உம்மா என் காதைத் திருகிச் சொல்லிவிட்டார்: "வாயத் தொறந்தியோ, மாப்புள பொட்டியத் தூக்கிட்டுப் போயிருவார். பொறகு ராத்தாட கதி என்ன?"

கல்முனையில் புது மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போடுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் ராத்தாவின் பாடு விளங்கும். இடியப்பம், இறைச்சிக் கறி, அதற்கு மேல் இனிக்க இனிக்க வட்டிலப்பம். பெண்ணும் பக்கத்தில் இருந்து தின்ன வேண்டும். சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று ராத்தா அத்தனை இனிப்பையும் விழுங்குவாள். பிறகு அறைக்குள் போய்க் மருந்துக் குளிசையைப் போட்டுக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள்.

பத்தாம் நாள் காலையில் பார்த்தால், சமையலறையில் மச்சான் நிற்கிறார்! கலியாணத்துக்குப் பரிசாக வந்த கேக் அடுப்பு பெட்டியை விட்டு வெளியே வந்திருந்தது. மச்சான் ஃபோனைப் பார்த்துப் பார்த்து, ஒரு தட்டில் ஓட்ஸைக் கொட்டி, பாலும் முட்டையும் ஊற்றி, வாழைப்பழத்தைக் கையாலேயே பிசைந்து போட்டு, கறுவாப்பட்டைத் தூளைத் தூவினார். மேலே கொய்யாப்பழத் துண்டுகள். எனக்குத் தெரிந்து ஓட்ஸ் என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்கள் குடிக்கும் கஞ்சி. அதைப் போய்ச் சுடுகிறாரே, இந்த மனுசனுக்கு என்ன பிடித்தது என்று வாய் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புள்ள, இதுக்குச் சீனி போடச் சொல்லி இரிக்கி. போடவா?" என்று கேட்டார்.

நான் சீனிப் போத்தலைப் பார்த்தேன். போடச் சொன்னால் ராத்தா பாவம். வேண்டாம் என்றால் ஏன் என்பார். "போடாதீங்க மச்சான், ராத்தாக்கு..." என்று தொடங்கிவிட்டுப் பாதியில் வாயைப் பொத்தினேன். பொத்தி என்ன பயன்! ராத்தாவின் வாழ்க்கையை நானே முடித்துவிட்டேன் என்று அழுகை முட்டியது.

மச்சான் சீனிப் போத்தலை மூடினார். "அழாத புள்ள. போடல்ல" என்றார்.

தட்டை அடுப்புக்குள் தள்ளும்போது உம்மா வந்துவிட்டார். மாப்பிள்ளை சமையலறையில் நிற்பதைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லாஹ்! எங்கட சாப்பாட்டுல என்ன கொற மாப்புள?"

"ஒரு கொறயும் இல்ல மாமி. எனக்குத்தான் இனிப்பு ஒத்துவாறல்ல. சொல்ல வெக்கமாக் கெடந்திச்சி. இனிக் காலையில எனக்கு இது போதும். அவவும் என்னோட இதையே தின்னட்டும்."

உம்மா தட்டுகளை எடுத்து வைத்தார். ராத்தா வந்து உட்கார்ந்து, ஆவி பறக்க இரண்டு துண்டு தின்றாள். கலியாணத்துக்குப் பிறகு அவள் பயமில்லாமல் தின்றதை அன்றுதான் கண்டேன். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. சப்பென்று இருந்தது.

எனக்கோ ஒரே குழப்பம். அப்படியென்றால் மச்சானுக்கும் சீனி வருத்தமா? அவர் வீட்டாரும் மறைத்துத்தான் கலியாணம் செய்தார்களா? ஏமாற்றப் போன நாங்கள்தான் ஏமாந்தோமா?

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பாண் ரொட்டி வாங்கப் போனேன். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் மச்சான் உட்கார்ந்து, கோப்பைக்குள் மூன்று கரண்டி சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு தட்டு தொதல் இனிப்பு வேறு. அடப் பொய்யா! பாணை மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

"உம்மா! மச்சான் சொன்னது முழுப் பொய்! கடையில குந்தி தொதல் திங்கார். அவருக்கு ஒரு வருத்தமும் இல்ல!"

பெரிய சண்டை வரும் என்று காத்து நின்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த உம்மா சுளகைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"எல்லாம் தெரிஞ்சிதான் செஞ்சிரிக்கார்" என்றார். "நல்லாத் தின்னட்டும், என்ட மகன்."

அதுவரை மாப்புள, மாப்புள என்று பயந்து பயந்து கூப்பிட்ட உம்மா, மச்சானை மகன் என்று சொன்னது அன்றுதான். பொய் சொன்னவர் மகனாகிவிட்டார். உண்மையைச் சொன்ன எனக்கோ, பாண் வாங்காமல் வந்ததற்கு ஏச்சு விழுந்தது. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவே இல்லை.