அப்பா எனக்குச் சொல்லாத பதில்

ஓராண்டுக்கு முன் ஆண்டவர் தம்மிடம் அழைத்துக்கொண்ட எங்கள் அப்பாவின் நினைவு ஆராதனைக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம். என்னை எழுதச் சொன்னவர் அம்மா. "நல்லதாய் நாலு வரி எழுது. உன்ட கோவத்தையெல்லாம் அதுக்குள்ள கொட்டிப்போடாத" என்றும் சொல்லி வைத்தார். ஆனால் அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது பொறாமைதான். அதை மறைத்து எழுதினால் என்னைப் பெற்றவரே நம்பமாட்டார்.

அப்பா விநாயகபுரத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தார். அந்த நாளில் அங்கே எங்களைப் போன்ற வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீடுகள் மிகச் சில. திருநீறு பூசிய பிள்ளைகளுக்கு நடுவே பள்ளிக்கூட வாங்கில் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்த அப்பாவிடம், "உங்கட சாமி ஏன்டா அடி வாங்கிச் செத்தது?" என்று கேட்பார்களாம். கோபப்படாமல் பதில் சொல்லப் பழகியது அந்த வாங்கில்தான். பாட்டனார் கரைவலை இழுத்துப் படிக்க வைத்தார். அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகி, அம்மாவை மணமுடித்து, கல்முனையில் கடற்கரைக்குக் கிட்ட வீடு கட்டிக் குடியேறினார். அங்கேதான் நானும் தம்பியும் பிறந்தோம்.

சம்மாந்துறைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் விடுவது அப்பாவின் பொறுப்பு. அரிசி மில் வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், தன் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்து சேரவில்லை என்று ஒருநாள் அப்பா வேலை செய்த கந்தோருக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார். அப்பா அவரையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் நீளத்துக்கு நடந்து, எங்கே உடைத்துத் திருப்பியிருக்கிறார்கள் என்று காட்டினார். சத்தம் போட வந்தவர் மத்தியானம் தன் வீட்டில் சோறு கொடுத்து அனுப்பினார். அன்று தொடங்கிய சிநேகம்தான் என் வயிற்றெரிச்சலின் தொடக்கம்.

சுனாமி வந்தது நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் அம்மாவும் நானும் காலை ஆராதனையில் இருந்தோம். காய்ச்சல் என்று தம்பி வீட்டில் படுத்திருந்தான், துணைக்குப் பக்கத்து வீட்டு அன்ரி இருந்தார். வீடும் இல்லை, அவர்களும் இல்லை. இதற்கு மேல் இதை எழுத எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் ஜெபிக்கவில்லை. படிக்க நோர்வேக்குப் போய் அங்கேயே வேலையும் குடும்பமுமாகிவிட்டேன். அங்கே கடவுள் இல்லை என்று யாரும் சண்டை பிடிப்பதில்லை. கடவுளைப் பற்றிக் கதைப்பதே மரியாதை இல்லாத வேலை, அவ்வளவுதான். என் மனதுக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குத் தொலைபேசி எடுக்கும்போது மட்டும் வாய் சும்மா இருக்காது. பைபிளை எழுதியது யார், எங்கே எந்தக் குடும்பத்தில் பிறக்கிறோமோ அதுதானே மதம், ஜெபித்தவனும் சாகிறான் ஜெபிக்காதவனும் சாகிறான், பிறகு என்னத்துக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பார்ப்பம் மகள்" என்பார். உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

பதில் தெரியாத மனிதரா? ஒருமுறை ஒஸ்லோவுக்கு வந்து எங்களோடு தங்கினார். சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடி ஜெபித்ததைப் பார்த்து, என்னோடு வேலை செய்யும் பெண், "இது உங்களுக்கு ஓர் ஆறுதல், இல்லையா?" என்று கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டு தன் ஆங்கிலத்தில் சொன்னார்: "ஆறுதலுக்கு நானே ஒரு கடவுளைச் செய்திருந்தால், என் வாய்க்காலை உடைக்கிறவனை மன்னிக்கச் சொல்லாத ஒருவரைச் செய்திருப்பேனே." அவள் நெடுநேரம் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுக்களையில் கோப்பை கழுவினேன். இத்தனை வருடம் நான் கேட்டுக் கிடைக்காதது, சோறு தின்ன வந்தவளுக்கு ஒரே கேள்வியில் கிடைத்தது. அந்தக் கோப்பைகளில் ஒன்றை உடைத்ததும் கை தவறி அல்ல.

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவின் பின்னேரங்களெல்லாம் ஹாஜியாரின் மில்லில்தான் கழிந்தன. "அங்க ரெண்டு பேரும் வேதம், கடவுள் எண்டு ஒரே வாதமாம். வீட்டுக்கு வந்தா வாயே திறக்கிறதில்ல" என்று அம்மா குறைப்படுவார். சபையில் சிலர், அப்பா மதம் மாறிவிடப் போகிறாரோ என்று போதகரிடமே போய்க் கேட்டார்களாம். எனக்கு அந்தப் பயம் இல்லை. எனக்கு இருந்தது வேறு. என் கேள்வி மதிப்பில்லாத கேள்வியா, அல்லது கடலில் தம்பியோடு சேர்த்து என்னையும் போக விட்டுவிட்டாரா என்ற எண்ணம்.

அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே இருந்தவரும் ஹாஜியார்தான். நான் விமானத்தில் இருந்தேன். அடக்க ஆராதனையில் பின் வாங்கில் உட்கார்ந்து அவர் தேம்பியதைப் பார்த்தபோது, ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழவும்கூட என்னைவிட அவருக்கு உரிமை அதிகம்போல் இருந்தது.

போன கிழமை, இந்த நினைவு நாள் சாப்பாட்டுக்கு அரிசி எடுக்க, ஊருக்கு வந்திருந்த என்னை அம்மா மில்லுக்கு அனுப்பினார். பின்னேர அஸர் தொழுகை முடித்துவிட்டு ஹாஜியார் மேசையில் இருந்தார். எதிரே ஒரு பிளாஸ்டிக் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

"அது சேர்ர கதிர. இரிங்க புள்ள" என்றார். அப்பாவை அவர் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்.

நான் இருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "ஹாஜியார், அப்பா எனக்கு ஒரு சொல்லும் சொன்னதில்ல. உங்களோட மட்டும் அப்பிடி என்னத்தக் கதைச்சவர்?"

ஹாஜியார் என்னை வியப்போடு பார்த்தார். "உங்களோடதான் கதைச்சாரு."

"என்னோடயா?"

"ஓம் புள்ள. நீங்க ஞாயித்துக்கிழம போன்ல கேக்கிறத, திங்கக்கிழம இஞ்ச கொண்டு வந்துருவாரு. 'ஹாஜியார், மகள் இப்பிடிக் கேட்டுட்டா. நீங்க மகளா இரிங்க, நான் நானா இரிக்கன். விடாமக் கேளுங்க' எண்டுவாரு. அப்ப நான் இந்தத் தொப்பியக் கழட்டி மேசையில வைப்பன். தொப்பி மேசையில இரிந்தா நான் நீங்க. 'மகள் சொல்றா' எண்டு முன்னுக்குப் போட்டுத்தான் ஒவ்வொண்டும் கேப்பன், இல்லாட்டி நாக்குக் கூசும். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னா 'அஸ்தஃபிருல்லாஹ்' எண்டு மன்னிப்புக் கேட்டுட்டுத் தொப்பியப் போட்டுப் பள்ளிக்குப் போவன். சேர் நான் வாற வரைக்கும் இந்தக் கதிரையில இரிப்பாரு."

மில்லில் வேலை செய்தவர்கள் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, ஹாஜியார் தொப்பியைக் கழற்றிவிட்டு ஈமான் இல்லாமல், கடவுளை மறுத்துக் கதைக்கிறார் என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிவாசலில் இருந்து பெரியவர்கள் விசாரிக்கவே வந்துவிட்டார்களாம். "சிநேகிதன்ட மகளுக்குப் பகரமா வழக்காடுறன் எண்டன். நல்லாச் சிரிச்சிட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பிறகு ஏன் அந்தப் பதில ஒண்டும் எனக்குச் சொல்லயில்ல?"

"எல்லாத்துக்கும் சேர் பதில் வச்சிருந்தாரு. ஒண்டுல மட்டும் நீங்க வெண்டுட்டீங்க. தம்பிட கேள்வியில." ஹாஜியார் மேசையைத் தடவிக்கொண்டே கதைத்தார். "ஆராதனைக்குப் போன நாம தப்பினம், காய்ச்சலோட படுத்த புள்ள போயிட்டான், இதுக்கு என்ன சொல்றீங்க எண்டு உங்கட வாயால நான்தான் கேட்டன். சேர் அழுதாரு புள்ள. சரியா அழுதாரு. 'இதுக்குப் பதில் இல்ல ஹாஜியார். இதச் சொல்லாம மத்தப் பதில்கள மகளுக்குச் சொன்னா அது ஏமாத்து. பதில் இல்ல எண்டு சொன்னா அவ முழுசாப் போயிருவா எண்டு பயமா இரிக்கி' எண்டாரு."

இரும்புக் கதவுக்கு அப்பால் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வந்து நின்றது. ஹாஜியார் எழுந்து போகவில்லை.

"பொறகு ஒரு கத சொன்னாரு. அது எங்கட நம்பிக்கையில இல்ல, ஆனா சேர் தந்த அமானிதம், அப்பிடியே ஒப்படைக்கிறன். 'என்ன ஏன் கைவிட்டீர் எண்டு சிலுவையில கேட்டவரத்தான் நான் கும்பிடுறன். அவருக்கும் அந்த நேரம் பதில் வரல்ல. என்ட மகள் கேக்கிறதும் அதே கேள்விதான். அவ வெளியில போகல்ல ஹாஜியார், அவருக்குக் கிட்டதான் நிக்கிறா' எண்டாரு."

அப்பாவின் கதிரையில் இருந்து அன்றைக்கு நான் அழுதேன். பதில் கிடைத்துவிட்டது என்று எழுதமாட்டேன், அப்பாவே அப்படிச் சொல்லவில்லை. நான் மீண்டும் ஜெபிக்கிறேன் என்று எழுதினால் சபையில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும், அதையும் இப்போது எழுத முடியாது. அப்பா என்னைப் போக விட்டுவிடவில்லை என்று மட்டும் எழுதுவேன். ஆனால் பொறாமை போகவில்லை. என் கேள்வியை வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தவர் வேறு ஒருவர். அந்த அழுகை எனக்காக அழுதது, அதைப் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை.

புறப்படும்போது, "நாளைக்கு நான் வந்தாலும் தொப்பியக் கழட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார் ஹாஜியார். "மகள்தான் வந்திட்டாவே. உங்கட கட்சிய நீங்களே கதைங்க. நான் சேர்ர கட்சி."

அப்பாவின் நோயிலும் மறைவிலும் எங்களைத் தாங்கிய போதகருக்கும் சபையாருக்கும், வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த சாய்ந்தமருது, சம்மாந்துறை நண்பர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஹாஜியாருக்கு இந்தத் தாளில் நன்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நேரில் வந்து சொல்கிறேன். அதுவரைக்கும் அப்பாவின் கதிரையில் வேறு யாரையும் இருத்திவிட வேண்டாம்.