சுடும் படையில் நான்காவது ஆள்

என் அகதி வழக்குக்கு நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: நான் என் வாழ்நாளில் துவக்கைத் தொட்டதுமில்லை, சுட்டதுமில்லை. அது உண்மை. ஆனாலும் முதல் தரம் நிராகரித்துவிட்டார்கள். போர் முடிந்த அடுத்த வருடம் மேன்முறையீட்டுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அந்தக் கிழமைதான், பாரிசில் மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் என்னோடு அறையில் இருந்த அண்ணை ஒரு யோசனை சொன்னார். நான் இலவசமாகப் பிரெஞ்சு படிக்கப் போகும் சங்கத்தில் நாடகம் போடுகிறார்களாம். சேர்ந்தால் அத்தாட்சிக் கடிதம் தருவார்களாம்.

"இந்த நாட்டோட ஒட்டி வாழுறான் எண்டு காட்ட வேணும் தம்பி. அந்தக் கடிதம் கேஸுக்கு நல்லது."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடிதம் என்றால் எனக்குப் பயம். கடிதம் இல்லாவிட்டால் அதைவிடப் பயம். போய்ச் சேர்ந்தேன்.

அது இத்தாலிய இசைநாடகம். எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியைதான் நெறியாளர். முதலில் இதே பாரிசில் பேர்போன நாடகமாக நடந்த கதையாம். பிறகு ஓர் இத்தாலியர் அதைப் பாட்டாக்கிவிட்டாராம். ஓவியன் ஒருவனுக்கு மரணதண்டனை விதிக்கிறார்கள். 'பொய்க்குத்தான் சுடுவோம்' என்று பொலிஸ் தலைவன் அவனுடைய காதலிக்கு வாக்குக் கொடுக்கிறான். உண்மையாகவே சுட்டுவிடுகிறார்கள். அவள் கோட்டைச் சுவரிலிருந்து குதித்துச் சாகிறாள். கதையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. அதற்குப் பிறகுதான் வேடம் பிரித்தார்கள். பாடத் தெரியாத ஆண்கள் நாலு பேர் சுடும் படை. நான் நாலாவது.

துவக்கு மரத்தால் செய்தது. கறுப்பு மை பூசியிருந்ததால் தூரத்தில் அசல் மாதிரித் தெரிந்தது. மரந்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒத்திகையில் எடுத்த படத்தை நோட்டீஸாக அடித்து லா சப்பல் தமிழ்க் கடைகளில் ஒட்டும்வரைதான் அந்தத் தேறுதல். மரக்கறிக் கடைக் கண்ணாடியில், கோயில் தேர்த் திருவிழா அறிவித்தலுக்குப் பக்கத்தில், இராணுவ உடுப்பும் துவக்குமாக நான். நாலு முகத்தில் என் முகம்தான் பெரிது. கடைக்காரர் வெளியே வந்து படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீர்தானே? நல்லாப் பிடிச்சிருக்கிறீர். முந்திப் பழக்கமோ?"

பகிடிதான். எனக்கு வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கம் நினைவுக்கு வந்தது. நோட்டீஸைக் கழற்றச் சொல்லி வெறுங்கையோடு கேட்க வெட்கமாக இருந்ததால் ஒரு கிலோ பாகற்காய் வாங்கினேன்; கழற்றித் தந்தார். அடுத்த கடையில் இரண்டு தேங்காய். அதற்கடுத்தது சேலைக்கடை. அங்கே எனக்கு வாங்க ஒன்றுமில்லை. அந்த நோட்டீஸ் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் ஆசிரியையிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். நான் சுடுகிற பக்கம் இல்லை, சுடப்படுகிற பக்கம். அந்த ஓவியன் வேடத்தைத் தந்தால் நன்றாக விழுவேன். விழுவதற்கு முன்னால் அவன் பாடவேண்டியதையெல்லாம் யார் பாடுவது என்று கேட்டார். பிறகு இரக்கப்பட்டு, முதல் அங்கத்தில் வரும் பாதிரிமார் ஊர்வலத்தில் மெழுகுதிரி பிடிக்கச் சொன்னார். சந்தோசமாக வந்து அண்ணையிடம் சொன்னேன்.

"உன்ர வாக்குமூலத்தில சைவம் எண்டெல்லோ கிடக்கு? எப்ப கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினனீ எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?"

மெழுகுதிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துவக்குக்கே வந்தேன்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. அரசாங்க ஆட்கள் மாதிரி யாராவது இருக்கிறார்களா என்று முன்வரிசையைத்தான் பார்த்தேன். திரைக்குப் பின்னால் தகரத்தில் அடித்த சத்தத்துக்கு ஓவியன் விழுந்தான்; நானும் விழப் பார்த்தேன். காதலி சுவரிலிருந்து குதித்தது எங்கள் அறையிலிருந்து இரவல் கொண்டுபோன மெத்தையில். சபை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணை மேடைக்குப் பின்னால் வந்து மெத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு நாளில் என் வழக்கறிஞர் அத்தாட்சிக் கடிதத்தை நீதிபதிகளிடம் கொடுத்தார். அதில் நாடகத்தின் பெயர் இருந்தது. தேடினால் படமும் வரும். அப்போது மறைத்தவன் ஆகிவிடுவேன். ஒருவரும் கேட்காமலே, பைக்குள் மடித்து வைத்திருந்த நோட்டீஸை எடுத்து நீட்டினேன். வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மூன்று நீதிபதிகளும் அதைக் கைமாற்றிப் பார்த்தார்கள். நடுவிலிருந்தவர் என்னவோ கேட்டார். மொழிபெயர்க்க வந்த பாண்டிச்சேரி அம்மா என் பக்கம் திரும்பினார்.

"மத்த மூணு பேரும் குறி பாக்கறாங்க. நீங்க மட்டும் ஏன் கண்ண இறுக்கி மூடிட்டு இருக்கீங்கன்னு கேக்கறார்."

அந்தப் படத்தை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். துவக்கைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் பட்டதில்லை. வாங்கிப் பார்த்தேன். உண்மைதான்.

"மரத் துவக்குத்தான். எண்டாலும் பயம்."

இந்த நாலு சொல்லை அந்த அம்மா நெடுநேரம் மொழிபெயர்த்தார். ஓரத்திலிருந்த நீதிபதி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். சிரிப்போ இருமலோ, தெரியவில்லை.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. அண்ணைதான் பிரித்து வாசித்தார். என்னை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். காரணம் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. படத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அண்ணை என்னைக் கட்டிப் பிடிக்க வந்தார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, மேலேயிருக்கும் பெயர் என்னுடையதுதானா என்று எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னேன்.