சைவக்காரர் கொண்டுவந்த மீன்

கிருபைராஜ் சார் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருக்காரர். யாரையும் லேசில் நம்பமாட்டார். பால்காரர் எதிரிலேயே பாலை நாக்கில் தொட்டுப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவர் ஏமாந்ததைச் சொல்ல எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை மணிமுத்தாறு அணை. சனிக்கிழமைதோறும் தூண்டிலோடு முதல் பஸ் ஏறிவிடுவார். ஜனங்கள் கூடும் கரையை விட்டுத் தள்ளி, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் உள்வாங்கி நிற்கும் ஒரு மடக்கு உண்டு. அங்கே உட்கார்ந்து தூக்குச்சட்டி மூடியைக் கல்லில் தட்டுவார். பிறகு தவிடும் கடலைப்புண்ணாக்கும் பிசைந்த உருண்டைகளைப் போடுவார். வருஷக்கணக்காக இப்படிப் பழக்கியதில், மூடிச் சத்தம் கேட்டாலே கெண்டைகள் கூட்டமாக வந்துவிடும். அதில் ஒன்றைத்தான் பிடிப்பார். “வீட்டுல ரெண்டு பேரு. ரெண்டாவது மீனு யாருக்கு?” என்பார்.

அந்த இடத்தை அவர் ஒருவருக்குத்தான் காட்டினார். எதிர்வீட்டு சிவசண்முகம், ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. சுத்த சைவம். கேக்கில் முட்டை இருக்கிறதென்று கிறிஸ்துமஸுக்கு முறுக்கை மட்டும் எடுத்துக்கொள்வார். அணைக்குக் காற்று வாங்கத்தான் கூடப் போனார். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கக் கூடாது, சரி. பாலே குடிக்காத பூனையை வைக்கலாமே என்பது சாரின் கணக்கு.

தொண்ணூற்றாறில் சாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்றுவிட்டார்கள். அவர் சிவசண்முகத்தைக் கூப்பிட்டு மூடியைக் கையில் கொடுத்தார்.

“நம்மளக் காணலேன்னா மீனுக இடம் மாறிரும்வே. சனிக்கிழமை போயி இரை மட்டும் போட்டுட்டு வந்துரும்.”

“நீங்க பைய எந்திரிச்சு வாங்க சார்வாள். நான் பாத்துக்கிடுதேன்.”

அடுத்த வாரமே ஒரு சாயங்காலம், வாழையிலையில் சுற்றிய மீனைக் கையை எட்ட நீட்டிப் பிடித்தபடி சிவசண்முகம் தெருவில் வந்தார். சாருக்காகச் சந்தையில் வாங்கியதாம். ஒரு சைவக்காரர் மீன் தூக்கி வருகிறாரே என்று தெருவே அசந்துபோனது. சாரின் மனைவி பாக்கியவதி அக்கா கண்கலங்கிவிட்டார். சார் ஒரு கண்ணில் கட்டோடு குழம்பைச் சாப்பிட்டு முடித்து, சிவசண்முகத்தைக் கூப்பிட்டனுப்பினார். “ருசி அப்படியே அணை மீனுதாம்வே,” என்றார். சிவசண்முகம் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

கண் சரியானதும் சார் மூடியை வாங்கிக்கொண்டு அணைக்குப் போனார். தட்டினார். ஒரு மீன்கூட வரவில்லை. போட்ட உருண்டையெல்லாம் கரைந்து தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். மதியம்வரை தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அணைப் பூங்கா வாசலில் சுக்குக்காப்பி விற்கும் ஜெபகனி அம்மாள் மனசு கேட்காமல் வந்து சொன்னாளாம்:

“எதுக்கு சார்வாள் தட்டுதீய? உங்க கூட்டாளி ஒரு ஆபீசரையும் வீச்சுவலைக்காரங்களையும் கூட்டியாந்தாரே, தெரியாதா? அவரு மூடியத் தட்டுனாரு, இவனுவ வலைய வீசுனானுவ. சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போனானுவ.”

சிவசண்முகத்துக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்திருந்தது. அது ரத்தாகிவிட்டதென்று அவர் தெருவுக்கே லட்டு கொடுத்திருந்தார். நானும் இரண்டு தின்றேன். எப்படி ரத்தானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கிய சார் நேரே எதிர்வீட்டுக்குப் போனார். முகத்தைப் பார்த்துப் பயந்து நானும் பின்னாலேயே போனேன்.

“ராமநாதபுரம் போனா பிள்ளைய படிப்பு கெட்டுரும் சார்வாள். அந்த ஆபீசருக்கு மீனுன்னா உசுரு. எனக்கு வேற வழி தெரியல.”

“கேட்டிருந்தா வாராவாரம் நானே புடிச்சுக் கொடுத்திருப்பேனேவே.”

சிவசண்முகம் சாரின் கையிலிருந்த மூடியையே பார்த்தார்.

“எனக்குக் கொண்டாந்த மீனு?”

சிவசண்முகம் தலையைக் குனிந்துகொண்டார்.

“ருசியா இருக்குன்னு உம்மக் கூப்பிட்டுவச்சுச் சொன்னேன்லா,” என்றார் சார். மூடியை அவர் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கினார்.

அதன்பிறகு சார் அணைப்பக்கம் போகவில்லை. மீன்காரி கூவிக்கொண்டு வந்தால் பாக்கியவதி அக்கா கதவைச் சாத்திவிடுவார். எங்கள் தெருவில் மீன் வாங்காத வீடு இப்போது இரண்டு.