ஆடியில் பூட்டிய கடை

ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் அய்யாதுரைக்குச் சோறு தண்ணி வேண்டாம். ரங்கநாதன் தெருவில் முப்பது வருஷமாகச் சேலைக்கடை. ஆடியில் ஒருநாள்கூடப் பூட்டியதில்லை. கல்லாவில் மனைவி பேச்சியம்மாள். கொஞ்ச நாளாகவே அவள், குனிந்தால் தலை சுற்றுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "வெறும் வாயுதான் ஏட்டி, ஒரு சோடா குடி" என்று இவரும் பெரிய வைத்தியராட்டம் சொல்லிவந்தார். அன்றைக்குக் கீழே விழுந்த சில்லறையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

தேனாம்பேட்டை ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். திரையில், இதயத்துக்குள்ளே உருண்டையாக ஏதோ ஒன்று, ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. 

"கட்டிதான். புற்றுநோய் மாதிரி தெரியல. ரொம்ப அபூர்வமா வர்றது" என்றார் டாக்டர் சந்திரிகா. "அப்பப்ப வால்வை அடைச்சுக்குது, அதான் மயக்கம். துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துடும், பேச்சு போயிடும். நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடணும்."

"ஆடி மாசமாச்சே டாக்டர்... ஆவணி பொறக்கட்டுமே?"

பயத்தில் மனுஷனுக்குப் புத்தி போகிற போக்கைப் பாருங்கள்! டாக்டர் பதில் சொல்லுமுன் கட்டிலில் கிடந்தவள் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, 'ஆடியில வாங்குங்க, ஆவணியில கட்டிக்கோங்க, நாள் கிழமை பாக்காதீங்க'ன்னு ஊரையே கூப்பிட்டு விக்கீங்க. பொண்டாட்டி நெஞ்சுக்கு மட்டும் நாள் பாக்கணுமோ?"

அய்யாதுரை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. இதயத்தை நிறுத்தி வைத்து, ரத்தத்தை மிஷினில் ஓடவிட்டு, கட்டியை எடுப்பார்களாம். நிறுத்தினது மறுபடி ஓடுமா? மருந்தீஸ்வரரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அய்யாதுரைக்கு நாக்கு வறண்டது. சாயங்காலம் அறுவை செய்த டாக்டர் ஜெயராம் ஒரு குப்பியைக் காட்டினார். உள்ளே நுங்குபோல வழுவழுவென்று அந்தக் கட்டி.

"முழுசா எடுத்தாச்சு. இதயம் நல்லா ஓடுது. அவங்க முழிச்சுப் பேசட்டும், அப்பதான் எனக்கு நிம்மதி."

அந்தக் கடைசி வார்த்தை போதாதா? விடிய விடிய அய்யாதுரை கண் மூடவில்லை.

காலையில், அவள் தொண்டையில் வைத்த மூச்சுக் குழாயை எடுத்த பிறகு அவரை உள்ளே விட்டார்கள். பேச்சியம்மாள் கண் திறந்து அவரையே பார்த்தாள். வாய் அசையவில்லை. "ஏட்டி, என்னைத் தெரியுதா?" பதில் இல்லை. இவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அப்புறம் கரகரத்த குரல் வந்தது. "கடையில யாரு இருக்கா?"

"பூட்டிட்டேன்."

"ஆடியிலயா? உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

ஒரு வார்த்தைகூடக் குளறவில்லை. நர்ஸ் அதட்ட அதட்ட, அய்யாதுரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"இன்னும் ரெண்டு வார்த்தை ஏசுட்டி" என்றார்.